வண்டி ஓடாத ஆற்றுச் சாலையில் ஜெபமணி அக்கா

ஜெபமணி அக்கா இறந்துவிட்ட செய்தி, திருப்பூரில் வேலை முடிந்து கம்பெனி வேனில் ஏறிக்கொண்டிருந்தபோது வந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவருடைய தங்கை பேசினார். "அக்கா காலம்பற எந்திரிக்கவே இல்லம்மா. தூக்கத்துலயே போயிட்டாக" என்றார். பின்னால் நின்றவர்கள் தள்ளியதில் நான் உள்ளே போய்விட்டேன். அழுவதற்குக்கூட ஒதுங்க இடமில்லை. அருள்புரத்திலிருந்து நல்லூர் வரும்வரை யாருடைய டிபன் கேரியரோ என் விலாவில் குத்திக்கொண்டே இருந்தது.

நம் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் அவரோடு நின்ற உங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் அதிகம் பேசாத ஆள் என்று மட்டும்தான் தெரியும். நம் யூனிட்டில் ஜன்னல்கள் உண்டு. துணியில் தூசி படியும் என்று எல்லாவற்றையும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். டியூப் லைட்டுக்குக் கீழே பனியனை விரித்துக் கறையும் ஓட்டையும் தேடிக்கொண்டிருப்போம். புதிதாக வந்த நாட்களில் எனக்கு மூச்சு முட்டியது. அக்கா தலை நிமிராமலே சொன்னார்: "கண்ணு பீஸ்ல இருக்கட்டும் புள்ள. மனசு எங்க வேணா போவட்டும். அதுக்கு எந்த கேட்லயும் கேள்வி கேக்க மாட்டான்."

நல்லூரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் அவர் குடியிருந்த வீட்டுக்கு அவரோடு முதன்முதலாகப் போனபோது, வெளியே பூட்டுத் தொங்கியது. உள்ளே யாரும் இல்லை என்று நினைத்தேன். அக்கா கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தார். உள்ளே பாயில் தங்கராஜ் அண்ணன், அவருடைய கணவர், படுத்திருந்தார். நிட்டிங் மிஷின் ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது.

"பூட்டிட்டா போறீங்க, அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"மொதல்ல தொறந்து போட்டுட்டுத்தான் போனேன். ஊர்ந்து ஊர்ந்து மெயின் ரோட்டுக்கே போயிட்டாக. லாரிக்காரன் பிரேக் போட்டதால பொழச்சாக" என்றார். பிறகு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அவுகள உள்ள வச்சுப் பூட்டுதேன். என்னய வெளிய வச்சுப் பூட்டுதேன். ரெண்டும் ஒரே பூட்டுதான்" என்றார்.

நல்ல மழை பெய்த ஒரு வருடம், ஆயுத பூஜை விடுமுறையில் கம்பெனி பஸ்ஸில் நம்மை உடுமலைக்குத் தெற்கே மலைப்பக்கம் கூட்டிப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். செக்போஸ்டோடு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மேலே ஒரு பாலத்தை வெள்ளம் உடைத்துவிட்டதால் எந்த வண்டியையும் விடவில்லை. நீங்கள் எல்லோரும் ஆற்றங்கரையில் சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்தீர்கள். அங்கிருந்த டீக்கடைக்காரர், மேலே குடியிருப்பவர்கள் பாலம் வரை போய்வர நாலைந்து சைக்கிள்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நான் பார்க்கும்போது அக்கா அதில் ஒன்றின் டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமுங்களா, அக்கா?"

"உப்பளத்து ரோட்டுல, எதிர்காத்துல மிதிச்சுப் பள்ளிக்கூடம் போனவ நான்" என்று சொல்லிச் சேலையை இழுத்துச் செருகினார்.

நானும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். இரண்டு பக்கமும் மலை. இடது கைப்பக்கம் சற்றுக் கீழே செம்மண் நிறத்தில் ஆறு. சாலை அதிகம் ஏறாமல் ஆற்றோடு வளைந்து வளைந்து போனது. ஹாரன் இல்லை, புகை இல்லை. என் செயின் உராயும் சத்தம் எனக்கே கேட்டது. திருப்பூரில் சைக்கிள் என்றால் சாக்கடை ஓரமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவதுதான். அக்கா நடுச்சாலையில் ஓட்டினார். கூப்பிட்டேன், திரும்பவே இல்லை.

உடைந்த பாலத்தருகே ஒருவர் பால்கேனோடு சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குள் கல் மேல் கல்லாகக் கால் வைத்து இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

"இந்த ரோடு எங்கண்ணே போவுது?" என்று அக்கா கேட்டார்.

"இப்படியே போனா மலை தாண்டிக் கேரளாவுங்க."

அக்கா எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். "அக்கா, வேண்டாமுங்க! பஸ் கெளம்பிரும்!" என்று கத்தினேன். முழங்காலளவுத் தண்ணீரில் முக்கால் ஆறு போனவர் அப்படியே நின்றார். அக்கரை கைக்கெட்டும் தூரம்தான். நின்றார், நின்றார், பிறகு திரும்பி வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவுகளுக்குச் சொம்புல வச்சுட்டு வந்த தண்ணி இந்நேரம் தீந்துருக்கும் புள்ள" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் டேபிளில், வழக்கத்துக்கு மாறாக, அவரே பேச்சை எடுத்தார். "அவுககிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நல்ல கையால என் சேலைய இழுத்து மோந்து பாத்தாக. அப்புறம் 'நானும்'னாக. எத்தன நாளாச்சு ஒரு வார்த்த தெளிவா வந்து."

அந்த ஞாயிற்றுக்கிழமை நமக்கு வேலை இருந்தது. வரமாட்டேன் என்று அக்கா சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். "ஷிப்மென்ட் இருக்குதுங்கம்மா. வரலீன்னா திங்கக்கிழமையும் வர வேண்டாமுங்க" என்றார் அவர். அக்கா சரி என்று சொல்லிவிட்டு வந்து அடுத்த பீஸை விரித்தார். நானும் அன்று வேலைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டு காஜா பாய் துணி ரோல் ஏற்றும் தன் குட்டியானை மினி லாரியில் அண்ணனைப் படுக்கவைத்து, எங்களையும் ஏற்றிக்கொண்டார்.

செக்போஸ்ட் டீக்கடையில் கேரியர் உள்ள சைக்கிளாகப் பார்த்து எடுத்தோம். கேரியரில் தலையணை வைத்து அண்ணனைத் தூக்கி உட்கார வைத்தோம். கொண்டுபோயிருந்த பனியன் வேஸ்ட் துணியைப் பட்டையாக மடித்து, அவருடைய இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்து அக்கா இறுக்கிக் கட்டினார். விழுந்துபோன கால் சக்கரத்தில் சிக்காமலிருக்க அதையும் தனியாகத் தூக்கிக் கட்டினார்.

காஜா பாய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. வுழுந்தா ரெண்டு பேரும் சேந்துதான் வுழுவீங்க."

"அப்பிடித்தான பாய் இத்தன வருசமாக் கெடக்கோம்" என்றார் அக்கா.

நான் என் சைக்கிளை எடுப்பதற்குள் அவர்கள் முதல் வளைவைத் தாண்டிவிட்டார்கள். அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. விழுந்துவிட்டார்கள் என்று பதறிப் போனேன். விழவில்லை. அண்ணன் வாயைத் திறந்து ஓவென்று கத்திக்கொண்டிருந்தார். நல்ல கையை ஆற்றின் பக்கம் நீட்டியிருந்தார். கொஞ்ச நேரத்தில் அக்காவும் கத்தத் தொடங்கினார். கேட்பதற்கு அந்தச் சாலையில் ஒரு வண்டி இல்லை, ஒரு ஆள் இல்லை. பாலம் வரை அப்படியே போனார்கள்.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகுதான் அந்த வீடு இன்னும் இறுகியது. திங்கட்கிழமை அக்காவை மத்தியானம் வரை கேட்டில் நிற்கவைத்துத்தான் உள்ளே விட்டார்கள். அதுவரை பாயில் சும்மா கிடந்த அண்ணன் அன்றிலிருந்து, அக்கா கிளம்பியதும் கதவைத் தட்ட ஆரம்பித்தார். "ரோடு, ரோடு" என்று நாள் முழுக்கத் தட்டுவாராம். சத்தம் தாங்காமல் வீட்டு ஓனர் காலி செய்யச் சொல்லிவிட்டார். "கூட்டிப் போகாம இருந்திருக்கலாமுங்களா, அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். பனியனைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்த்தபடியே பதில் சொன்னார்: "காட்டாம இருந்தா அமைதியாக் கெடந்துருப்பாக. செத்தவுக மாதிரி. இப்ப தட்டுதாக. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் தெனமும் பூட்டுதேன். ஆனாலும் காட்டுனதுக்கு நான் வருத்தப்படல."

வீரபாண்டியில், வாசலில் கம்பிக் கதவு வைத்த ஒரு வீட்டுக்கு மாறினார்கள். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அண்ணன் இறந்தது அந்த வீட்டில்தான். அதற்குள் மலையில் பாலத்தைக் கட்டி பஸ் விட்டுவிட்டார்கள். அக்கா இனி ஊருக்குப் போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. நம்மோடு அதே டேபிளில் நின்றார். ஆர்டர் குறைந்து ஆட்களை நிறுத்திய பிறகுதான் ஊருக்குப் போனார். இங்கிருந்தபோது ஒருமுறை ஆற்றுச் சாலைக்குப் போய் வரலாமா என்று கேட்டேன். "இப்ப அங்க வண்டி ஓடும் புள்ள, வேண்டாம்" என்றார்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு போட்டோகூட இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை துணியைக் கட்டி முடித்ததும், சைக்கிள் சாயாமலிருக்கக் கேரியரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தவள் நான். இரண்டு பேருடைய பாரமும் என் உள்ளங்கைகளில் இருந்தது. அக்கா மிதிக்க, நான் கூடவே ஓடினேன். விடப் பயமாக இருந்தது. "விடு புள்ள" என்றார். விட்டேன். சைக்கிள் ஒரு தடவை ஆடியது. பிறகு நேராகிப் போனது. அந்தப் பாரம் கையைவிட்டுப் போனது எப்படி இருந்தது என்பது இன்றும் என் கைகளுக்குத் தெரியும்.