படிக்காமல் விட்ட பிளஸ் ஒன்

கேம்ப் ரோட்டில் எங்கள் பள்ளி வாசலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸ் பேனரில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு. பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அப்பா பக்கத்து சீட்டுக்காரரிடம் எதையாவது பேசி, எப்படியாவது அவரை அந்தப் பக்கம் திரும்ப வைத்துவிடுவார். அவ்வளவு பெருமை.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே திருப்பித் திருப்பிப் படிக்க வைப்பார்கள். பொதுத்தேர்வு அதற்குத்தானே! அக்காவின் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் புது வாசனை போகாமலேயே கிடந்தது. இன்ஜினியராக வேண்டும் என்பது அவள் ஆசை. கல்லூரியில் முதல் வகுப்பிலேயே பேராசிரியர், "இதெல்லாம் பிளஸ் ஒன்லயே படிச்சிருப்பீங்க" என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார். அக்கா திருதிருவென்று விழித்தாள். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர்.

அப்பா இடிந்துபோனார். "வெளிய யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று வீட்டில் உத்தரவு. சரியாக அந்த நேரம் பார்த்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது, பிளஸ் ஒன் பெற்றோர் கூட்டத்தில் அக்கா பேச வேண்டுமென்று. நான் அப்போது அங்கே பிளஸ் ஒன் மாணவி. "நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு வாம்மா" என்று அப்பா அவளை மேடைக்கு அனுப்பினார்.

அக்கா மைக்கைப் பிடித்தாள். "பேனர்ல இருக்கிறது நான்தான். காலேஜ்ல மேத்ஸ்ல ஃபெயில் ஆயிட்டேன். பிளஸ் ஒன் பாடம் எனக்கு யாரும் நடத்தல. என் தங்கச்சிக்கும் இப்போ நடத்தல. உங்க பசங்களுக்கும்தான். தயவுசெஞ்சு ஏன்னு கேளுங்க."

முழுக்கச் சொல்லி முடித்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முதல்வர் அவசரமாக "தேங்க்யூம்மா" என்று மைக்கை வாங்கினார். அதற்குள் பின்வரிசையில் ஒருவர் எழுந்துவிட்டார். "மேடம், அந்தப் பொண்ணு சொல்றது நிஜமா?" அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். அடுத்த வாரமே எங்களுக்கு பிளஸ் ஒன் கணக்கு ஆரம்பமானது. வாசலில் இருந்த பேனரைக் கழற்றிவிட்டார்கள். போகட்டும்.

அந்த வயதில் தன் தோல்வியை ஊரறியச் சொல்ல யாருக்கு மனசு வரும்? நானாக இருந்தால் கேட்டதற்கு ஏற்றபடி நாலு வார்த்தை பேசி, கொடுத்த பூச்செண்டை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அக்கா பிளஸ் ஒன் கணக்கை முதலிலிருந்து தானே போட்டுப் பார்த்து அரியரை முடித்தாள். இன்று நாவலூரில் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள்.

அப்பா ரிட்டயராகிவிட்டார். கல்யாண வீடுகளில் யாராவது பெரிய மகளைப் பற்றி விசாரித்தால், மார்க்கைப் பற்றியோ வேலையைப் பற்றியோ அவர் முதலில் சொல்வதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எங்க பெரியவ மேத்ஸ்ல அரியர் வெச்சவ சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்.