சணல் அறுத்த விரலும் மைனர் செவன்த்தும்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தி.நகரில் ஒரு தெருவில் துணி மூட்டை தூக்கி, அதே தெருவில் சொந்தமாக ஜவுளிக்கடை போட்டேன். அப்படிப்பட்டவனுக்கு நாலு தந்தியை மீட்டுவது ஒரு பெரிய விஷயமா? எங்கள் அடையாறு அடுக்குமாடியின் பொங்கல் விழாவில் என் மனைவி பாடுவதென்று முடிவானதும், "பக்கவாத்தியத்துக்கு வெளியாள் எதுக்கு? நானே வாசிக்கிறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மகன் வாங்கி மூலையில் போட்டிருந்த உகுலேலே வீட்டில் இருந்தது. பார்க்கக் கிடார் போட்ட குட்டி மாதிரி இருக்கும்.

மயிலாப்பூரில் ஒரு பெண் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறாள். அவளிடம் போனேன். நாலு தந்தியும் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டைக் 'கார்டு' என்கிறார்கள். மற்ற கார்டுகளெல்லாம் சீக்கிரமே வந்துவிட்டன. அவளே அசந்துபோனாள் என்றுதான் நினைக்கிறேன். பி மைனர் செவன்த் மட்டும் வம்பு செய்தது. ஆள்காட்டி விரலை நாலு தந்திக்கும் குறுக்கே படுக்கப்போட்டு அழுத்த வேண்டும். மூன்று தந்தி பேசும். ஒன்று டொக்கென்று செத்துப்போகும்.

"விரலக் காட்டுங்கோ மாமா" என்றாள். நடுவில் ஒரு பள்ளம். பார்சல் கட்டி, சணலை விரலில் சுற்றிச் சுண்டி அறுப்போமே, அந்தத் தழும்பு. கத்தரிக்கோல் தேடுகிறவன் ஜவுளிக்காரனே இல்லை என்பது என் கட்சி.

"நான் வாங்கின பட்டம் இதும்மா" என்றேன்.

"அந்தப் பட்டத்துக்குள்ளதான் தந்தி விழுந்துண்டிருக்கு. பாட்டை ஒரு ஸ்வரம் கீழ எறக்கிடலாம் மாமா. அப்போ இந்த எடத்துல ஏ மைனர் செவன்த் வரும். அதுக்கு விரலே வைக்க வேண்டாம், சும்மா மீட்டினாப் போறும்."

எனக்குப் பரம திருப்தி. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"பாடுறது நான். உங்க விரலுக்காக என் சுருதிய எறக்கணுமா?"

"கொஞ்சம்தானே?"

"ஒரு மீட்டர் கேட்டவங்களுக்கு முக்கா மீட்டர் கிழிப்பீங்களா?"

மறுபடியும் உகுலேலேயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு பேர் முன்னால் அவள் முதன்முதலாகப் பாடப்போகிறாள். நடுவில் டொக்கென்றால் அவள் பாட்டும் கெடும், என் பேச்சும் கெடும். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் காலை பக்கத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தவள், தலை நிமிராமலே சொன்னாள்: "பள்ளத்தக் கொண்டுபோய் ஏன் தந்தி மேலயே வைக்கிறீங்க? ரெண்டு தந்திக்கு நடுவுல வர்ற மாதிரி விரலத் தள்ளி வைங்க."

தள்ளி வைத்தேன். நாலும் பேசின.

"நானும் அதைத்தான் யோசிச்சுட்டு இருந்தேன்."

"ஆமா, யோசிச்சீங்க" என்றாள்.

விழாவில் பி மைனர் செவன்த் விழும் அந்த வரி வந்தது. விரலைப் போட்டேன், நாலு தந்தியும் சுத்தமாகக் கேட்டன. அவள் அடுத்த வரிக்குப் போக வேண்டியதுதானே? போகவில்லை. அங்கேயே நின்று, சங்கதி மேல் சங்கதியாக இழுத்தாள். அவள் நகரும்வரை அழுத்தியே இருக்க வேண்டிய விரல் எரிந்தது. முறைத்தேன். என் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு இன்னொரு சங்கதி போட்டாள்.

அவளாக அடுத்த வரிக்குப் போகிறவரை நான் விரலை எடுக்கவில்லை.