குமுதாவின் ஹால் சுவர்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு பெயின்ட் கடையில் பத்தொன்பது வருஷமாக நிறம் கலந்து கொடுக்கிறாள் குமுதா. நிற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பவர்களுக்கு இரண்டே நிமிஷத்தில் முடிவு சொல்லி அனுப்பிவிடுவாள். மேற்கு வெயில் அடிக்கிற ஹாலா, குளுகுளு நீலம். இருட்டு ரூமா, சந்தனம் கலந்த வெள்ளை. அவ்வளவுதான் பேச்சு.

அப்பேர்ப்பட்டவள், சொந்தமாக ஓர் அடுக்குமாடி வீடு வாங்கியதும் தடுமாறிப் போனாள். கல்யாணமானதிலிருந்து ஐந்து வாடகை வீடுகள். ஐந்திலும் வீட்டுக்காரர் அடித்து வைத்த வெள்ளைதான். ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்கவேண்டும். இனி வெள்ளையே ஆகாது என்று சபதம் போட்டிருந்தாள். ஹாலோ மேற்குப் பார்த்தது. ஊருக்கெல்லாம் சொன்ன கணக்குப்படி நீலம்தான். ஆனால் பாழாய்ப்போன மனசு அதில் ஒட்டவில்லையே! கணவன் பாலனைக் கேட்டால், லோரி ஓட்டுகிறவனுக்கு நிறத்தைப் பற்றி என்ன தெரியும், உன் இஷ்டம் என்று நழுவிவிட்டான். அவள் இஷ்டத்தை யாராவது இதற்கு முன் கேட்டிருந்தால்தானே சட்டென்று சொல்ல வரும்? திங்கட்கிழமை பெயின்டர் வருகிறார். சனிக்கிழமை ஹால் சுவரில் கைக்குட்டை அகலத்துக்கு நீலம் ஒன்று, சந்தன வெள்ளை ஒன்று அடித்துப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை.

ஞாயிறு காலை பால் காய்ச்ச நேரம் குறித்திருந்தது. வாசல் நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கும்படி பாலனிடம் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். மனுஷன் நிலையோடு விட்டானா? சுவரிலிருந்த இரண்டு கட்டங்களுக்கும் பயபக்தியோடு மும்மூன்று பொட்டு வைத்திருந்தான்.

“பொட்டு வைக்கத்தானே கட்டம் கட்டமா அடிச்சு வெச்சிருக்க?” என்றான்.

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். நீலத்தில் வைத்த மஞ்சள், பாசி பிடித்ததுபோல் பச்சையடித்துக் கிடந்தது. சந்தன வெள்ளையிலோ நலங்கு வைத்த கல்யாணப் பெண் முகம்போல் ஜொலித்தது. குமுதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“இதுதாங்க வேணும்.”

“வெள்ளையே ஆகாதுன்னு நீதானே சொன்ன?”

“அது அவங்க அடிச்ச வெள்ளை. இது நான் கேக்குற வெள்ளை லா.”

மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாகச் சந்தன வெள்ளை கலக்க டப்பாவை மெஷினில் ஏற்றினாள். டப்பாவில் ஒட்டும் சீட்டில் வாங்குகிறவர் பெயர் போடவேண்டும். யார் பெயரைப் போடுவது என்று கூட வேலை பார்க்கும் மலர் கேட்டாள். வழக்கம்போல் பாலன் என்று சொல்ல வாயெடுத்த குமுதா, சட்டென்று மாற்றிக்கொண்டாள்.

“என் பேரு. நல்லா பெருசா போடு.”