தானாக நகர்ந்த அம்புக்குறி

கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி தானாக நகர்வதை முதன்முதலாகப் பார்த்த அன்று, நான் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். பயமெல்லாம் இல்லை. உள்ளே வந்திருப்பது அக்கா என்று தெரியும், அதனால்தான் எழுந்தேன்.

அப்போது நான் பரளச்சியில் ஓர் உரக்கடைக் கிளையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பெரிய கடை அருப்புக்கோட்டையில்; வீரசோழனிலும் பாலவனத்தத்திலும் இன்னும் இரண்டு கிளைகள். எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் பெரிய கடையில் வேலை பார்த்த, நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் ஒருவர்தான் பொறுப்பு. எங்கே எது நின்றுபோனாலும் உடனே பஸ் ஏறிவிடுவார். பெட்டிக்குள் அடைந்த கரிசல் தூசியைத் தட்டிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பார். நான் பக்கத்தில் நிற்பேன்.

அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனதும், பஸ்ஸில் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா கடைசியாக ஒரு சுற்று வந்து, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் அக்கௌண்ட் ஒன்றைப் போட்டார். அது இருந்தால் அருப்புக்கோட்டையிலிருந்தே உள்ளே வந்து சரிசெய்யலாம். அதற்குப் பொதுவாக ஒரு பெயர் வைக்காமல் தன் பெயரையே வைத்தார். “யாரு தொட்டாகன்னு தெரியணும்ல தம்பி. தப்பு நடந்தா என்னயத்தான கேக்கணும்?” என்றார்.

நான் எழுந்து நின்ற அன்று போனில், “என்னப்பா, கொரலு தூரமா கேக்குது?” என்று கேட்டார்.

“எந்திரிச்சு நிக்கேன்க்கா.”

இருமல் வரும்வரை சிரித்தார். “நான் இங்ன இருக்கேன். நீ ஒக்காருப்பா.”

எனக்கு உட்கார மனம் வரவில்லை. வேலை முடிந்ததும் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, ‘வாரேன்’ என்று அடித்துவிட்டுப் போவார். அதைப் பார்த்த பிறகுதான் உட்காருவேன்.

கடைசித் தடவை மதுரை ஆஸ்பத்திரியில் படுத்தபடியே கம்ப்யூட்டருக்குள் வந்தார். மழை பெய்த வாரம், கடை நிறைய உரம் வாங்க வந்த சம்சாரிகள், பில் வரவில்லை. அம்புக்குறி ஊர்ந்து ஊர்ந்து போனது. பில் வந்தது. ஆனால் ‘வாரேன்’ வரவில்லை. அம்புக்குறி திரையின் நடுவில் அப்படியே நின்றது. நெட் போயிருக்கும் என்று நினைத்தேன். “ஏம்ப்பா, ஒக்காந்துதான் பில்லப் போடேன்” என்றார் ஒருவர். மடியில் லேப்டாப் இருக்கும்போதே அக்கா கண்ணயர்ந்ததையும், பிறகு விழிக்காததையும் மறுநாள்தான் சொன்னார்கள். அந்தத் துக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இப்போது பெரிய கடையில் அக்காவின் இடத்தில் நான் இருக்கிறேன். “இல்லாதவுக பேருல சாவி இருக்கக்கூடாதுப்பா. புதுசு போட்டுட்டு அத எடுத்துரு” என்றார் முதலாளி. அவர் சொன்னது நியாயம். எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் என் பெயரில் புது அக்கௌண்ட் போட்டு, அக்காவுடையதை ஒவ்வொன்றாக நீக்கினேன். பரளச்சியை மட்டும் நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அதையும் எடுத்துவிட்டால் அந்தப் பெயர் எங்குமே இருக்காது.

நேற்று முடித்தேன். போனை மேசைமேல் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு பரளச்சிக் கம்ப்யூட்டருக்குள் போனேன். “அண்ணே, மவுஸு தானா நகருது” என்றாள் இப்போது அங்கே பில் போடும் பெண். அக்காவின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன். நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. கை வரவில்லை. கண் கலங்கி எழுத்து மங்கியது. பிறகு அழுத்தினேன்.

“முடிஞ்சிருச்சாண்ணே? கொரலு தூரமா கேக்குதே” என்றாள் அந்தப் பெண்.

அப்போதுதான் கவனித்தேன். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.