ஐந்தாவது பொத்தான்

நூறு எண்ணி முடிக்கும்வரை பாஞ்சாலி யாருக்கும் பதில் சொல்வதில்லை. கண் மைக்ராஸ்கோப்பில் இருக்கும். இடது கை, எண்ணும் கருவியின் ஐந்து பொத்தான்களில். வெள்ளையணு ஐந்து வகை, வகைக்கு ஒரு பொத்தான். நான்கில் எழுத்து தேய்ந்து வழவழத்துவிட்டது. ஐந்தாவது பேசோஃபில் என்ற அரிய வகைக்கு. நூற்றில் ஒன்று கண்ணில் பட்டாலே அதிகம் என்பதால், இருபது வருடமாகியும் அந்த எழுத்து வாங்கிய புதிதில் இருந்தபடியே இருக்கிறது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன லேபில், அணுக்களுக்கு நிறமேற்றும் சாயத்தில் புதுப் பாட்டில் திறந்தால், முதல் ஸ்லைடுக்குத் தன் விரலைத்தான் குத்திக்கொள்வார். பழகிய ரத்தம் நிறம் மாறித் தெரிந்தால் சாயத்தில் கோளாறு. பார்த்துவிட்டு நோட்டில் "சாயம் சரி" என்று எழுதுவார்.

போன மாதம் அப்படி எண்ணியபோது ஐந்தாவது பொத்தான் கறக்கென்றது. பழக்கமில்லாத, இறுகிய சத்தம். நூறு முடிவதற்குள் எட்டு முறை. கருநீலப் பொட்டுகள் அப்பி, உள்ளே இருப்பது தெரியாத எட்டு அணுக்கள். சாயத்தைத் திட்டிவிட்டு வேறு பாட்டில் திறந்தார். மறுபடி எட்டு. அடுத்த வாரம் பத்துப் பேருடைய ஸ்லைடுகளோடு தன்னுடையதையும் சேர்த்து, பெயர்கள்மேல் பிளாஸ்திரி ஒட்டிக் கலைத்துப் போட்டார். ஐந்து ஸ்லைடு அமைதியாகப் போனது. ஆறாவதில் கறக். பிளாஸ்திரியைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பேசோஃபில் இப்படி ஏறுவது ரத்த நோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியும். நோட்டில் "சாயம் சரி" என்றே எழுதினார்.

இன்று காலை மரக்காணத்திலிருந்து தைலம்மாள் வந்தார், மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு. விழுப்புரத்து ரிப்போர்ட்டில் பேசோஃபில் 0.5, ஒரு வாரம் கழித்து இந்த லேபில் 40. எண்பது மடங்கு ஏறிவிட்டதென்று மருமகன் சொல்ல, இரண்டு நாளாக அந்த அம்மாள் சோறு தொடவில்லை.

"அது பர்சென்ட்டுமா, நூத்துக்கு அரை. இது ஒரு மைக்ரோ லிட்டர்ல எத்தினின்னு எண்ணுறது. உங்களுக்கு வெள்ளையணு மொத்தம் எட்டாயிரம், அதுக்கு நாப்பது. கைப்பிடி அள்ளி எண்ணுனாலும் மூட்டைய கொட்டி எண்ணுனாலும் மல்லாட்டைக் கடலை அதேதான். இதுக்குப் போயி பயந்துகினு கெடக்குறீங்களே" என்றார் பாஞ்சாலி.

சொல்லும்போதே மனசு தன் கணக்கைப் போட்டது. அவருடைய வெள்ளையணு மொத்தம் பதினோராயிரம். சதவீதத்தில் எட்டு, எண்ணிக்கையில் எண்ணூற்றி எண்பது, ஆயிரத்தில் எழுதினால் 0.88. எப்படி எழுதினாலும் அதிகம். ஊரார் பயத்தையெல்லாம் பெருக்கியும் வகுத்தும் கரைத்தவருக்கு இது மட்டும் கரையவில்லை.

தைலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையைத் தூக்கினார். வாசலில் நின்று திரும்பினார்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் பாக்குறியே, உனக்கு எடுத்துப் பாத்துக்கினியா?"

பாஞ்சாலி மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டார், எண்ணிக்கொண்டிருப்பவரைப் போல. அதில் ஸ்லைடே இல்லை. கிழவி போகும்வரை நிமிரவில்லை.

பிறகு ஒரு ரிப்போர்ட் தாளை எடுத்தார். பேசோஃபில் என்ற இடத்தில் 8 என்று எழுதினார். பேனா கொஞ்ச நேரம் நின்றது. பெயர் என்ற இடத்தில் "பாஞ்சாலி, 46, பெண்" என்று எழுதி, டாக்டருக்குப் போகும் தட்டில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.