வானம்பாடியின் முன்னால் நின்ற புல்

ஐம்பதுகளின் கடைசியில், நானும் என் கணவரும் புதுக்கோட்டையில் ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் நடந்தது இது. படம் பிடிப்பது அவர். நெகட்டிவைச் சீர் செய்வதும், பின்னால் தொங்கும் திரைக்கு ஓவியம் தீட்டுவதும் நான். சீர் செய்வது என்றால் வேறொன்றுமில்லை. அம்மைத் தழும்பு, பரு, சட்டைக் கறை இவற்றையெல்லாம் கூர் சீவிய பென்சிலாலும் சின்னக் கத்தியாலும் இருந்த இடம் தெரியாமல் ஆக்குவது. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. படத்தை நம்பிப் பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், படத்தில் பெண்ணின் தங்கையையா காட்டினீர்கள் என்று கேட்டதாக ஒரு பேச்சு வந்தது. வெட்கப்பட வேண்டிய நான் அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் திரையில் மாளிகைப் படிக்கட்டு, தாமரைக் குளம், மாங்கிளையில் உட்கார்ந்து பாடும் ஒரு வானம்பாடி, எல்லாம் இருந்தன. வானம்பாடியை அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. பெயர் அவ்வளவு அழகாக இருக்கிறதே என்று மார்புக்கு மஞ்சளும் இறக்கைக்கு நீலமும் தாராளமாகக் கொடுத்திருந்தேன்.

அந்தத் திரையைப் பார்த்துவிட்டுத்தான் காலண்டர் அச்சடிக்கும் வெளியூர்க்காரர் ஒருவர், நிஜ வானம்பாடியைப் படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். கல்யாண குரூப்பும் பள்ளிக்கூட குரூப்புமாகவே காலம் தள்ளிக்கொண்டிருந்த என் கணவருக்கு அன்று சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. தான் எடுத்த ஒரு படமாவது ஊர் ஊராகச் சுவரில் தொங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

வைகாசி மாதம். கோடை மழை நாலைந்து பெய்து ஓய்ந்திருந்தது. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு கண்மாய்க்குள் முழங்கால் உயரப் புல் மண்டியிருக்கிறது, அங்கே வானம்பாடி நிறைய உண்டு என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனோம். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் கூட்டைக் காட்டினாள். என் வயதுதான் இருக்கும். இடது புருவத்தை இரண்டாக வெட்டியது போல ஒரு தழும்பு. தொழில் புத்தி, என் கண் முதலில் அதில்தான் போய் நின்றது. பென்சிலால் இரண்டு நிமிட வேலை என்று மனசுக்குள் கணக்கும் போட்டேன்.

கூடு தரையில் இருந்தது. ஒரு புல் குத்துக்கு அடியில், உள்ளங்கை அளவுக் குழியில் மூன்று குஞ்சுகள். தன் ஆடுகள் மிதித்துவிடாமல் இருக்க அந்தப் பெண் சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருந்தாள். தாய்ப் பறவையையும் பார்த்தேன். மஞ்சளும் இல்லை, நீலமும் இல்லை. மண் நிறத்தில் ஒரு குருவி, அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் அதன் ஜோடி செங்குத்தாக மேலே ஏறி, கண்ணுக்குப் புள்ளியாகும் வரை பாடிக்கொண்டே போனபோது, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததே தெரியவில்லை.

பறவைக்குப் பழகட்டும் என்று அன்றைக்குக் கூட்டுக்குப் பக்கத்தில் மூன்று கம்பு நட்டு, மேலே சாக்கைப் போட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் போய்க் கேமராவைச் சாக்குக்குள் வைத்தோம். நீளமான ரப்பர் குழாயும், அதன் நுனியில் அழுத்தினால் படம் விழும் பல்பு என்கிற ரப்பர் உருண்டையும் இருந்தன. பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு இருபதடி தள்ளி ஒரு புதருக்குப் பின்னால் குப்புறப் படுப்பது அவர் திட்டம்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தவர், “புல்லு மறைக்குது” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். போட்டோ ஓரம் வெட்டும் கத்தரி என் பையில் இருந்தது. படத்தில் வேண்டாததை எடுப்பதுதானே என் பிழைப்பு! கூட்டுக்கு முன்னால் இருந்த புல்லை ஒன்றுவிடாமல் அடியோடு கத்தரித்தேன். கூடு பளிச்சென்று தெரிந்தது. அவரும் சபாஷ் என்றார். போய்ப் படுத்துக்கொண்டோம்.

பறவை வரவில்லை. வாயில் பூச்சியோடு ஒரு முறை சற்றுத் தள்ளி வந்து இறங்கியது. நடந்து வந்து, வெட்டவெளியாகக் கிடந்த இடத்தைப் பார்த்து நின்றது. பிறகு பறந்துவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி பறந்தது. வெயில் ஏற ஏற எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். நேர் வெயில் குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. மூன்றாவது தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அந்தப் புல் கூட்டை மறைத்துக்கொண்டிருக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. கையில் இருந்த கத்தரியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆடு மேய்க்கும் அந்தப் பெண் வந்தாள்.

“என்னம்மா இது, புல்லு எங்க?” என்றாள். வெட்டிப் போட்ட குவியலைப் பார்த்தாள். “ஆடு மேஞ்சிரக் கூடாதுன்னு முள்ளு வெட்டிப் போட்டுக் காத்தேன். கடசீல ஆளு மேஞ்சுட்டீகளே!”

கேமராவின் கறுப்புத் துணியை உருவிக் கூட்டுக்கு மேல் பந்தல் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். எழுந்து வந்த என் கணவர் வெட்டிய புல்லைத் தரையில் குத்திப் பார்த்தார். மண் கட்டாந்தரையாக இறுகியிருந்தது, நிற்கவில்லை.

“வெட்டுன புல்லு நிக்காது. வேரோட வேணும். தண்ணி இருக்கா?” என்றாள் அவள். சற்றுத் தள்ளிப் போய் அரிவாள் நுனியால் இரண்டு குத்துப் புல்லை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்தாள். எங்களிடம் இருந்தது ஒரு கூஜா குடிதண்ணீர். பஸ் ஏற மூன்று மைல் நடக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பிறகு முழுக் கூஜாவையும் கவிழ்த்து, மண்ணைக் குழைத்து, புல்லை நட்டோம். கூட்டின் மேல் நிழல் விழுந்தது. துணியை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் புதருக்குப் பின்னால் ஓடினோம்.

கால் மணி நேரம் இருக்கலாம். எனக்கு ஒரு பகல் போல இருந்தது. இனி வராது, மூன்றும் என் கையால் போய்விட்டன என்று நான் முடிவே கட்டிவிட்டபோது, பறவை தூரத்தில் இறங்கி, புல்லுக்குள் தலை தெரியாமல் நடந்து வந்தது. அது கூட்டை எட்டியதும் மூன்று வாய் திறந்தது. மூன்று! அவள் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

என் கணவர் பல்பை அழுத்தவில்லை. ஏன் என்று சைகையால் கேட்டேன். “மொதல்ல திங்கட்டும்” என்று உதட்டை அசைத்தார். அந்த ஆளோடு நான் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். அத்தனையும் அந்த ஒரு வார்த்தையில் கழிந்துபோயிற்று. இரண்டாம் முறை வந்தபோதுதான் படம் விழுந்தது.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, பஸ்ஸுக்கு நடந்தோம். கிளம்பும்போது அவளிடம், உனக்கு ஒரு படம் எடுத்துத் தருகிறோம், கட்டாயம் வா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

படம் அருமையாக வந்திருந்தது. வாயில் பூச்சியோடு பறவை, கீழே மூன்று குட்டி வாய்கள். ஒரே ஒரு குறை, ஒரு புல் தாள் பறவையின் மார்பின் குறுக்கே வெள்ளைக் கோடாக நின்றது. காலண்டர்காரர் பார்த்துவிட்டு, அந்தப் புல்லை மட்டும் எடுத்துக் கொடுங்கள், உடனே அச்சுக்குப் போய்விடலாம் என்றார். நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்துக் கத்தியையும் எடுத்துவிட்டேன். என் கை ஓடவில்லை. ஆனால் ஆசை என்னுடையது இல்லையே, என் கணவருடையது. அவர் சொன்னால் சுரண்டிவிடுவது என்று காத்திருந்தேன்.

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். “இந்தப் புல்லுக்கு நம்ம குடிதண்ணிய ஊத்தியிருக்கோம். இருந்துட்டுப் போகட்டும்” என்றார். அந்த வருஷக் காலண்டரில் யாரோ வரைந்த ஒரு கிளி வந்தது. அவருக்கு நாலு நாள் முகம் வாடித்தான் இருந்தது. ஐந்தாம் நாள் அவரே படத்தைச் சட்டம் போட்டு, கேமராவுக்குப் பின்னால் இருந்த சுவரில் மாட்டினார். அதுவரை அழுகிற பிள்ளைகளிடம் “இங்க பாரு, குருவி” என்று பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளைகள் புல்லுக்குள் குருவியைத் தேடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தன.

ஆடி கழிந்து ஒரு நாள் அந்த ஆட்டுக்காரப் பெண் வந்தாள். கொழும்பில் வேலை பார்க்கும் புருஷனுக்கு அனுப்பப் படம் வேண்டுமாம். குஞ்சு மூன்றும் பறந்துவிட்டதாக முதல் வேலையாகச் சொன்னாள். பிறகு என் திரையைப் பார்த்துச் சிரிசிரி என்று சிரித்தாள். “இதென்னம்மா, வானம்பாடிக்குப் பட்டுச் சேல கட்டிவிட்டிருக்கீக!”

படம் எடுத்து முடிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் நான் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அன்றைக்கு என்னவோ கேட்கத் தோன்றியது. “புருவத் தழும்ப எடுத்துரட்டுமா, இருக்கட்டுமா?”

அவள் புருவத்தைத் தடவிக்கொண்டாள். “ஐயய்யோ, அத எடுத்துப்புட்டா அவுக இது யாரு பொண்டாட்டின்னுல்ல நெனப்பாக!”

மூன்று பேரும் சிரித்தோம். தழும்போடுதான் படம் கொழும்புக்குப் போனது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்த வேலையைச் செய்தேன். எடுத்துவிடுங்கள் என்று சொன்னவர்கள்தான் அதிகம், எடுத்தும் கொடுத்தேன். ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் யார் முகத்திலும் நான் கத்தி வைத்ததில்லை.