கட்டுப் போட்ட காபிச் செடி

மனுவைப் பெற்றால் மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்றாவது எழுத வேண்டும். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் இதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவன் நான். நான் கடைப்பிடித்தேனா என்று நல்லவேளையாக யாரும் கேட்டதில்லை.

ஓய்வுபெற்றபின் மனுதாரர்கள் வரிசையில் நான் போய் நின்றது ஒரு காபிச் செடிக்காக. மலைமேல் ஒரு நாற்றங்காலில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் மாமரத்து நிழலில் நட்டேன். நான்கு வருஷத்தில் நெஞ்சு உயரம் வந்துவிட்டது. இலைகள் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். எந்த மாதமும் பச்சை குறையாது. பூ மட்டும் வரவில்லை.

மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டுக் கெடு வைத்தாள்.

"சித்திரைக்குள்ள பூக்கலைன்னா பிடுங்கிப் போட்டுட்டுக் கறிவேப்பிலை வச்சிருவேன். ரசத்துக்காவது ஆகும்."

"இது காட்டுச் செடி. மெதுவாத்தான் பூக்கும்."

"உங்க பென்ஷன் ஃபைலை விடவா மெதுவா?"

செடியைக் காப்பாற்ற ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள வேளாண்மை அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி இருந்தன. தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதையும் எழுதி, இந்தச் செடி ஏன் பூக்கவில்லை என்று கேட்டிருந்தேன். தபால் பிரிவில் இருந்த பெண் மனுவைப் புரட்டிப் பார்த்தாள்.

"நெல்லு, தென்னைன்னா உடனே அனுப்பிருவேன் சார். காபிக்கு இங்க செக்‌ஷனே இல்லையே."

"தோட்டப் பயிர்னு போடும்மா."

"தோட்டம் எம்புட்டு ஏக்கர்?"

"ஒரு செடி."

அவள் முத்திரையை எடுத்துக் குத்தினாள். ஒரு மாதம் போயிற்று. நினைவூட்டு அனுப்பினேன். இன்னொரு மாதம் போயிற்று. இரண்டாம் நினைவூட்டு அனுப்பினேன்.

மாசி பிறந்ததும் மகளின் பிரசவத்துக்காக நாங்கள் இருவரும் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. செடியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன். அவர் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருப்பவர். கோடையில் மாமர நிழல் போதாதென்று, கழித்துப் போட்ட துணியைச் செடியைச் சுற்றிப் பந்தலாகக் கட்டித் தந்தவரும் அவர்தான். அதன்பின் தெருவில் போகிறவர்கள் செடிக்கு எங்கே அடிபட்டது என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். தினமும் காலையில் ஒரு குடம் தண்ணீர் என்று தாளில் எழுதி, இரண்டு படி எடுத்து, ஒன்றில் அவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

பங்குனி நடுவில் பேத்தியின் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தோம். செடியின் இலைகள் மடக்கிய குடைபோலத் தொங்கின. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வரவில்லை. மனைவி சுற்றுச்சுவர் ஓரம் போய்க் கூப்பிட்டாள்.

"என்னண்ணே, கட்டுப் போட்டா மட்டும் போதுமா? தண்ணி குடுக்க வேண்டாமா?"

"ரெண்டு நாள் ஊத்துனேன் மதினி. பொறவு வெளிநாட்டு ஆர்டர் வந்திருச்சு. சாரு குடுத்த பேப்பரு பத்திரமா இருக்கு."

"பேப்பரு நல்லாத்தான் இருக்கும். அதை வெயில்லயா வச்சீங்க?"

அன்று சாயங்காலம் அவர் தறிக்கூடத்துத் தொட்டியிலிருந்து நீளக் குழாயை இழுத்துவந்து, மாமரத்தடி குளமாகும் வரை தண்ணீர் விட்டார்.

"போனதுக்கு ஊத்தி என்ன செய்ய?" என்றாள் மனைவி.

"மனசு கேக்கலை மதினி."

இலைகள் இரண்டே நாளில் நிமிர்ந்தன. அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் காலை, மனைவி வாசல் தெளித்துவிட்டு அந்தப் பக்கம் போனாள்.

"என்னங்க, செத்த வாங்க. பந்தல் துணி கிழிஞ்சு கிளையில சுத்திக்கிருச்சுன்னுல்ல நினைச்சேன்."

துணி அல்ல. கணுவுக்குக் கணு வெள்ளைப் பூ. கிளையே தெரியவில்லை. மல்லிகைபோல் வாசம் தெருவரைக்கும் போயிருந்தது. கறிவேப்பிலைப் பேச்சு அன்றோடு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் தன் தறிக்காரர்களை வரிசையாக அழைத்துவந்து காட்டினார்.

"எல்லாம் என் கைராசி சார்."

"அடுத்த வருஷமும் மறக்காம மறந்துருங்கண்ணே" என்றாள் மனைவி.

ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தின் பதில் மூன்றே வரிதான். தினமும் நீர் ஊற்றுவதே பூக்காததற்குக் காரணம். மாசி முழுவதும் காயவிட வேண்டும். பங்குனியில் ஒருமுறை தாராளமாகப் பாய்ச்சினால் பூக்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. பூவெல்லாம் உதிர்ந்து மிளகளவில் காய் பிடித்திருந்த, வைகாசி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை அது வந்து சேர்ந்தது.